மேட்டு நிலத்தில் புதிய பள்ளி: இடத் தேர்வுக்கு முன் ஒரு சூழல் ஆய்வு

வங்காள விரிகுடாவில் தோன்றும் கடும் புயல்கள் கரையைக் கடக்கும்போது, குடிசைகளோடு கிராமப் பள்ளிக் கட்டடங்களும் சேதமுறுகின்றன. பல ஊர்களில் சாகுபடிக்கு உதவாத தாழ்வான புறம்போக்கு நிலமே பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. சாதாரண மழைக் காலத்தில் அந்நிலம் சேறாகும். புயற்காலத்தில் அதுவே வெள்ளத்தின் வழியாகிவிடுகிறது.

1999 அக்டோபர் 29 அன்று ஒடிஷாவில் பாரதீப் அருகே கரையைக் கடந்த பெரும் புயல் இதற்குச் சான்றாகும். மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கடல்நீர் ஊர்களுக்குள் புகுந்தது. சுமார் 10,000 பேர் உயிரிழந்தனர். இத்தகைய அழிவுக்குப் பின்னர், "பள்ளியை மேட்டு நிலத்திற்கு மாற்றுக" என்ற கோரிக்கை எழுவது இயல்பே. கோரிக்கை நியாயமானது. ஆயினும், எந்த மேடு, எவ்வாறு அமைந்த மேடு, அதனை அடையும் பாதை எது என்பவற்றை ஆராயாமல் எடுக்கப்படும் முடிவு, ஓர் ஆபத்தை நீக்கி மற்றோர் ஆபத்தை வரவழைக்கக் கூடும்.

சட்டத்தின் எல்லை

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புக் கொண்ட கட்டடத் திட்டங்களே முன் அனுமதி பெறவேண்டியவை. கிராமப் பள்ளி எதுவும் இந்த அளவை எட்டுவதில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளோ, கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதியிலும் உள்ளூர் மக்களுக்குத் தேவையான பள்ளிகளுக்கு இடமளிக்கின்றன. ஆகவே, சட்டம் அனுமதிக்கும் இடம் யாவும் பாதுகாப்பான இடம் எனக் கொள்ளலாகாது. சட்டம் கேட்காத கேள்விகளையும் கேட்பதற்காகவே, கட்டாயம் இல்லாதபோதும் ஓர் எளிய சூழல் ஆய்வு தேவைப்படுகிறது.

மாற்று வழிகள்

ஆய்வின் முதற்படி, மாற்று வழிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதாகும். பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து வலுப்படுத்துவது ஒரு வழி. அதே இடத்தில் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டுவது இரண்டாவது வழி. அருகிலுள்ள மேட்டிற்கு மாற்றுவது மூன்றாவது. தொலைவிலுள்ள உயர்நிலத்திற்குச் செல்வது நான்காவது. ஒடிஷாவில் கட்டப்பட்ட பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் பல இரண்டாவது வழியைப் பின்பற்றியவை. அவற்றின் கீழ்த்தளம் திறந்த வெளியாக விடப்பட்டிருக்கிறது. கடல்நீர் தூண்களுக்கு இடையே ஓடிவிடும். மக்கள் மேல்தளத்தில் தங்குவர். பள்ளியை இடம்பெயர்க்காமலே உயரத்தைப் பெற முடியும் என்பதை இம்மையங்கள் காட்டுகின்றன.

நிலத்தின் இயல்பு

மேட்டு நிலம் இயற்கையாக அமைந்ததா, மண் கொட்டி உயர்த்தப்பட வேண்டியதா என்பது அடுத்த கேள்வி. அரை ஹெக்டேர் நிலத்தை ஒன்றரை மீட்டர் உயர்த்துவதற்கு 7,500 கன மீட்டர் மண் தேவை. ஒரு லாரிக்கு 5 கன மீட்டர் எனக் கொண்டால் 1,500 லாரி மண். இதனை எங்கிருந்து தோண்டுவது? அருகிலேயே தோண்டினால், மழைக்குப் பின் அக்குழிகள் நீர் நிறைந்து, குழந்தைகள் தவறி விழும் பொறிகளாகவும் கொசு வளரும் குட்டைகளாகவும் மாறும். உயர்த்தப்பட்ட திடல் வெள்ளநீரின் பாதையை மறித்தால், பள்ளி தப்பும். பக்கத்துத் தெரு மூழ்கும்.

மலைச்சரிவுகளில் நிலைமை வேறு. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவில் வெள்ளார்மலை அரசுப் பள்ளி பெருஞ்சேதமுற்றது. பின்னர் அதன் வகுப்புகள் மேப்பாடியில் நடைபெற்றன. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கு மட்டும் பாதுகாப்பைத் தராது என்பதற்கு இது கண்கூடான எடுத்துக்காட்டு. சரிவைச் செங்குத்தாக வெட்டிச் சமன் செய்வதும், ஓடைக்கரையில் கட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

குடிநீரும் ஆராயப்பட வேண்டும். கடல்நீர் புகுந்த கிணறுகள் நெடுநாள் உவர்த்தே இருக்கும். புதிய இடத்தில் நன்னீர் கிடைக்குமா, கழிவறைக் குழி கிணற்றிலிருந்து போதிய தொலைவில் அமையுமா என்பவற்றைக் கோடையிலும் மழைக்காலத்திலும் பார்த்தறிவது நலம்.

காடும் கரையும்

மேட்டு நிலம் பல இடங்களில் வனநிலமாகவே இருக்கும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பள்ளி போன்ற வசதிகளுக்காக ஒவ்வோர் இனத்திலும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும். புதிய பள்ளிக்குச் சாலை அமைக்கையில் அலையாத்திக் காடுகளை அழிப்பது பெருந்தவறாகும். 1999-ஆம் ஆண்டுப் புயலில் கேந்திரபாரா மாவட்டத்தில், அகன்ற அலையாத்திக் காட்டின் பின்னே இருந்த ஊர்களில் உயிரிழப்புக் குறைவாக இருந்தது என ஆய்வுகள் காட்டியுள்ளன. கல்லும் சிமெண்டும் தரும் காப்பைப் பெறுவதற்காக இயற்கை தரும் காப்பை இழக்கலாகாது.

குழந்தை நடக்கும் தொலைவு

சூழல் என்பது மண்ணும் நீரும் மரமும் மட்டுமன்று. மனிதர் வாழ்வும் அதனுள் அடங்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்கவேண்டும் எனக் கூறுகின்றன. வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை ஆகிய ஆபத்துகள் உள்ள இடங்களில் இத்தொலைவைக் குறைக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் பணிக்கின்றன. புதிய பள்ளி மேட்டில் நிற்க, அதற்குச் செல்லும் வழி ஒரு கால்வாயைக் கடந்தால், மழைநாளில் ஆபத்து பள்ளியிலிருந்து பாதைக்கு மாறியதேயன்றி ஒழியவில்லை. தொலைவு கூடும்போது முதலில் படிப்பை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் பெண் குழந்தைகளே.

மற்றொரு விளைவும் உண்டு. கடலோரப் பள்ளி புயல் நாளில் ஊரின் புகலிடம். 2013 அக்டோபரில் பைலின் புயலின்போது ஒடிஷாவில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு 1999-ஐ ஒப்பிட மிகச் சிறிதாயிற்று. எச்சரிக்கையும், நடந்து சேரக்கூடிய தொலைவில் உறுதியான கட்டடமும் இணைந்ததன் பயன் அது. பள்ளி மேட்டிற்குச் சென்று, ஊர் தாழ்விலேயே இருக்குமாயின், முதியோரும் கர்ப்பிணிகளும் நோயாளிகளும் காற்று வலுப்பதற்குள் அங்குச் சேர முடியுமா என்பதற்கு ஆய்வு விடை கூற வேண்டும்.

கிராம சபையின் அறிவு

இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு தேவையில்லை. நில அளவையாளர், பொறியாளர், தலைமை ஆசிரியர், ஊராட்சி உறுப்பினர் ஆகியோர் கூடி, உத்தேசிக்கப்பட்ட இடத்தையும் அதற்குச் செல்லும் பாதையையும் நடந்தே பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஒருமுறை பார்ப்பது இன்றியமையாதது. கடந்த வெள்ளத்தில் நீர் எந்தச் சுவர் வரை ஏறியது, எந்தப் பக்கமாக வடிந்தது என்பதை ஊர்ப் பெரியவர்கள் அறிவர். அவர்கள் கூறுவதை வரைபடத்தில் குறிக்க வேண்டும். கண்டறிந்தவை எளிய தமிழிலோ ஒடியாவிலோ தெலுங்கிலோ, அந்தந்த ஊர் மக்களின் மொழியில் எழுதப்பட்டு, கிராம சபையில் படிக்கப்பட்ட பின்னரே இடம் முடிவாதல் வேண்டும்.

பழைய கட்டடத்தைக் கைவிடும்போதும் பொறுப்பு முடிவதில்லை. உடைந்த கல்நார் ஓடுகளை முறையாக அகற்றி, காலியான நிலத்தில் சவுக்கு போன்ற காற்றுத் தடுப்பு மரங்களை வளர்த்தால், அந்நிலம் ஊருக்கு மீண்டும் பயன்படும்.

பள்ளிக் கட்டடம் ஒரு முறை எழுந்துவிட்டால், அதன் குறைகளை அடுத்த இரண்டு தலைமுறைக் குழந்தைகள் சுமக்க நேரிடும். அடிக்கல் நாட்டுவதற்கு முன் செலவிடும் சில வாரங்கள் தாமதமாகா. அவை அக்குழந்தைகளின் பாதுகாப்புக்கு இடப்படும் முதல் அடித்தளமாகும்.