45ஆம் நாள் ஊசியன்று ஒரு கேள்வி

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். 45ஆம் நாள் ஊசிக்குக் கைக்குழந்தைகளோடு தாய்மார் காத்திருப்பார்கள். எடை பார்ப்பதோடு அவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும்: “பாப்பா வெளிக்குப் போறது என்ன நிறத்துலம்மா இருக்கு?”

பிலியரி அட்ரீசியா என்ற பித்தநாள நோயைச் சந்தேகிக்க இதைவிட எளிய வழி கிடையாது. பித்தநீர் குடலுக்கு இறங்கும் நாளம் தழும்பேறி அடைபட்டுப்போகும். தேங்கும் பித்தநீர் கல்லீரலையே கெடுக்கும். மலத்துக்கு மஞ்சள் நிறம் தருவது பித்தநீர்தான் என்பதால், அது இறங்காத பிள்ளையின் மலம் வெளிறிக் களிமண் நிறத்தில் இருக்கும். பச்சிளம் பிள்ளையின் சிறுநீர் நிறமில்லாமல் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கோ துணியில் மஞ்சள் கறை விடும்.

“பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் சகஜம், காலை வெயில்ல காட்டு” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு மஞ்சள் தானாகவே வடிந்துவிடுவது உண்மைதான். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் ரத்தத்தில் ‘நேரடி பிலிருபின்’ அளவைத் தனியே பார்க்க வேண்டும். அது கூடியிருந்தால் ஸ்கேன், தேவைப்பட்டால் கல்லீரல் திசுப் பரிசோதனை. கொடுமை என்னவென்றால், முதல் வாரங்களில் பிள்ளை நன்றாகப் பால் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும். யாருக்குச் சந்தேகம் வரும்?

1950களில் ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் இதற்கு வழி கண்டார். கெட்ட நாளத்தை அகற்றிவிட்டு, குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்துக் கல்லீரலோடு நேரடியாக இணைப்பது. 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் இறங்கும் வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போக அந்த வாய்ப்பு குறையும். சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

கசாய் கைகொடுக்காவிட்டால் கல்லீரல் மாற்றுதான். இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்றே இந்த நோய்க்காகத்தான், நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குத்தான் நடந்தது. 1998 நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு, தில்லி அப்பல்லோ மருத்துவமனையில் அப்பாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகவே ஆகிவிட்டார். நினைக்கும்போதே நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் எல்லாக் குடும்பமும் தாங்கக்கூடிய வழியல்ல அது.

தைவானில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையை 2004இலிருந்து நாடு முழுக்கத் தாய்மார் கையில் கொடுக்கிறார்கள். அதன்பின் 60 நாளுக்குள் அறுவை நடக்கும் குழந்தைகள் கூடியிருக்கிறார்கள். நம் ஊசி மேசையிலும் அதை ஒட்டிவைக்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் தாய் அதைப் பார்த்து, “இதே நிறம்தான் சிஸ்டர்” என்று விரல் வைத்தால், பிள்ளையைக் குழந்தைகள் அறுவைப் பிரிவில் சேர்க்க இன்னும் 15 நாள் கையில் இருக்கும்.