தலைமன்னார்க் கடலும் மல்லாந்த நீச்சலும்

தலைமன்னாரின் பழைய துறைமேடையில் நின்று மேற்கே நோக்குவோர்க்குத் தனுஷ்கோடி தெரிவதில்லை. தெரிவன நீரும் வானமுமே. 1914ஆம் ஆண்டு தொடங்கி நீராவிக் கப்பல்கள் இவ்விரு கரைகளையும் இணைத்தன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து சில காலம் வந்து, பின்னர் அதுவும் நின்றது. ஆயினும் இக்கடலை நீந்திக் கடக்கும் ஆசை மட்டும் மனிதரை விட்டு நீங்கவில்லை. 1966 ஏப்ரலில் மிகிர் சென் இதனைக் கடக்க 25 மணி 36 நிமிடம் கொண்டார். 2004இல் வங்கத்துப் பெண்மணி பூலா சௌத்ரி 13 மணி 52 நிமிடத்தில் கடந்தார்.

2022 மார்ச் 20ஆந் தேதி விடியுமுன்னர், இதே தலைமன்னார்க் கரையில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி நீரில் இறங்கினாள். பெயர் ஜியா ராய். இந்தியக் கடற்படை மாலுமி ஒருவரின் மகள். ஓட்டிசம் என்னும் நிலை உடையவள். ஏறக்குறைய 29 கிலோமீற்றரை நீந்தி, அன்று மாலை தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் கரையேறியபோது கழிந்திருந்த நேரம் 13 மணி 10 நிமிடம். பூலா சௌத்ரியின் நேரத்தினும் 42 நிமிடம் குறைவு. 2024 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயையும் அவள் கடந்தாள்.

செய்தி எழுதினோர் பலர் இரக்கச் சொற்களையே மிகுதியாகப் பெய்து எழுதினர். எனக்கு அது பொருந்தாததாகவே தோன்றுகிறது. சோளகமும் வாடையும் அடங்கிய மார்ச்சு மாதத்துக் கடல்கூட, நீந்துபவர் யாரென்று விசாரித்து நீரோட்டத்தைக் குறைத்துக்கொள்வதில்லையே!

கடலில் இல்லாத அந்த விசாரணை நீச்சல் தடாகத்தில் உண்டு. உடற்குறையுடையோர் போட்டியிடும்போது, ஒரு காலை இழந்தவரையும் இரு கைகளையும் இழந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்துதல் நீதியாகுமா? ஆகாது. ஆகையால் நீந்துவோரை வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். உடலியக்கக் குறையுடையோர்க்கு ஒன்று முதல் பத்து வரை. எண் குறையக் குறையக் குறை கடியது. பதினொன்று முதல் பதின்மூன்று வரை பார்வைக் குறையுடையோர். பதினான்கு அறிவுவளர்ச்சிக் குறையுடையோர். செயற்கைக் கால் அணிந்து நீந்த எவர்க்கும் அனுமதியில்லை. நீரில் உள்ளது உள்ளபடியே இறங்கவேண்டும்.

இப்போட்டிகளுள் மல்லாந்து நீந்தும் போட்டிக்குத் தனியிடம் உண்டு. 1960இல் ரோம் நகரில் நடந்த முதற் பராலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. மற்றைய நீச்சல்களில் மூச்சுக்காகத் தலையைத் திருப்பவோ உயர்த்தவோ வேண்டும். கழுத்தும் தோளும் வலுவிழந்தவர்க்கு அது பெரும்பாடு. மல்லாந்தால் முகம் வானை நோக்கும். மூச்சுத் தடையின்றி வரும். ஆனால் இங்கேயும் ஓர் இடர் உண்டு. காற்று நிறைந்த மார்பு மிதக்க, அசையாத கால்கள் அமிழ முயலும். அமிழ்ந்த கால் நீரை எதிர்த்து வேகத்தைக் கெடுக்கும். கால் உதைக்க இயலாதவர் தலையைப் பின்சாய்த்து, இடுப்பை உயர்த்தி அதனை ஈடுசெய்கிறார்.

தொடக்கமும் வேறுவகை. குதிக்காமல், நீருக்குள் இருந்தபடியே தடாகச் சுவரின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தொடங்குவது வழக்கம். கையில்லாதவர் எதனைப் பற்றுவார்? சீன வீராங்கனை லு டோங் ஆறு வயதில் விபத்தில் இரு கைகளையும் இழந்தவர். அவர் ஒரு துவாயைப் பல்லாற் கடித்துக்கொண்டு தொடங்குவார். கால்களின் உதைப்பே அவரை முழுத் தூரமும் கொண்டுசெல்கிறது. முடிவிடத்தில் சுவரைத் தொடுவதும் தலையாலேயே. வேகத்தோடு மோதுவது, நேயர்களே, வேடிக்கையன்று. 2012இல் இலண்டனில் 100 மீற்றரிலும், 2021இல் நடந்த தோக்கியோப் போட்டியில் 50 மீற்றரிலும் அவர் தங்கம் பெற்றார்.

பார்வையற்றவர்க்குச் சுவர் அணுகுவது எவ்வாறு தெரியும்? கரையில் நிற்கும் துணைவர், நுனியில் மென்பொருள் சுற்றிய நீண்ட கோலால் உடலைத் தட்டி உணர்த்துவார். தட்டல் சற்றுப் பிந்தினாலும் தலை சுவரில் மோதும்.

மன்னார்க் கரைக்கு மீள்வோம். போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் மிகுதியாகப் புதைக்கப்பட்ட மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. காலிழந்தவர் இங்கு அரியரல்லர். கடலை நாள்தோறும் காணும் பெண்பிள்ளைகளுட் பலர் கரையோடு நின்றுவிடுகின்றனர். காலிழந்த பெண்ணிடம் நீந்து என்று சொல்வார் இன்னும் அரியர். தொடங்குவதற்குத் தடாகமே வேண்டுமென்பதில்லை. அலையடங்கிய, நீரோட்டமில்லாத, இடுப்பளவு நீரும், நீச்சல் நன்கறிந்த ஒருவரும் போதும்.

முதற்பாடம் மல்லாந்து மிதத்தலே. கற்பிப்பவர் பிடரியின் கீழ் ஒரு கையும் முதுகின் கீழ் ஒரு கையும் கொடுக்கிறார். காது நீருக்குள் அமிழவேண்டும். கற்பவர் அஞ்சித் தலையைத் தூக்குவார். தூக்கியதும் இடுப்புத் தாழும். மீண்டும் சாய்க்கவேண்டும். மூச்சை மார்பு நிறைய இழுக்கச் சொல்லி, முதுகின் கீழுள்ள கையை முதலில் எடுக்கவேண்டும்; பிடரிக்கையை, அவர் அறியாவண்ணம், பிறகு.