உணர்ச்சியற்ற கொலையாளியும் உணர்ச்சியுள்ள சுவைஞனும்



சென்ற வாரம் தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டினையும் நோக்கினோம். அவற்றுக்குச் சங்கப் பாடல்களிலிருந்து எடுத்துக்காட்டுகள் தருவதாக உங்களிடம் கூறியிருந்தேன். ஆனால், இடையிலே எனது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுப்பிய வினா என்னைச் சற்று வேறு பாதையில் செலுத்திவிட்டது. பாதை வேறானாலும் போய்ச் சேரும் இடம் மெய்ப்பாடுதான் என்பதால் நேயர்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என நம்புகின்றேன்.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பியபோது, பின்வாங்கிலிருந்த அந்த மாணவன் எழுந்தான். "சேர், இந்த எட்டில ஒண்டுகூட இல்லாத ஒருத்தன் கதாநாயகனா வரலாமோ?" என்றான். எனக்கு விளங்கவில்லை. "கூலிக்குக் கொலை செய்யிறவன், சேர். சிரிக்க மாட்டான், அழ மாட்டான், கோபமும் வராது. இப்ப வாற படங்களில அவன்தான் ஹீரோ. பார்க்கத் தொடங்கினால் கண்ணை எடுக்கேலாது. தொல்காப்பியத்தின்படி பார்த்தால் அதில சுவையே இருக்கக் கூடாதே?" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல வினா. விடையை அடுத்த பாடவேளைக்கு ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தொடர்ந்து வந்த விடுமுறை நாட்களில் அவன் சொன்ன வகைப் படங்கள் சிலவற்றைத் தேடிப் பார்த்தேன். முன்னர் பார்த்தவற்றையும் மறுபடி பார்த்தேன். அவற்றிலிருந்து எனக்குத் தெளிந்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இவ்வகைக் கதாநாயகனுக்கு முன்மாதிரி என்று பலரும் சொல்வது 1967இல் வெளிவந்த 'லெ சாமுராய்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தை. நெறியாளர் ழான் பியேர் மெல்வில். கூலிக்கொலைஞன் ஜெவ் கொஸ்டெல்லோவாக நடித்தவர் அலென் டெலோன். படம் தொடங்கிப் பத்து நிமிடங்கள் வரை உரையாடலே கிடையாது. சாம்பல் நிறமான ஓர் அறை. கட்டிலிலே படுத்துப் புகைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன். அறையிலே அவனுக்குத் துணை, கூட்டிலிருக்கும் ஒரு சிறு பறவை மாத்திரமே. அவன் எழுகிறான், தொப்பியின் விளிம்பைச் சரிசெய்கிறான், வெளியேறுகிறான். முகத்திலே எந்தக் குறிப்பும் இல்லை. மாணவன் சொன்னது சரிதான். கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏன் எடுக்க முடியவில்லை? இதற்கு நமது உரையாசிரியர்களிடமே ஒரு திறவுகோல் இருக்கிறது. சுவை பிறக்கும் முறையை விளக்குமிடத்து அவர்கள் அஞ்சத்தக்க விலங்கையும் அதனைக் கண்டு அஞ்சிய மனிதனையும் எடுத்துக்காட்டாகக் கொள்வர். விலங்கு சுவைப்பொருள். அதனைக் கண்டவனின் உள்ளத்திலே எழுவது அச்சம். அவனது உடலிலே தோன்றும் நடுக்கமும் வியர்வையும் அவ்வச்சத்தைப் பிறருக்குப் புலப்படுத்துவன. இங்கே விலங்குக்கு எவ்வுணர்ச்சியும் இருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். புலி அஞ்சுவதில்லை. அஞ்சுகிறவன் மனிதன். தொல்காப்பியரும் அச்சத்துக்கு நிலைக்களன்களாக நான்கினைச் சொல்லும்போது அணங்கு, கள்வர், இறை என்பவற்றோடு விலங்கையும் சேர்த்துச் சொல்கிறார்.

உணர்ச்சியற்ற கொலையாளி திரையிலே தோன்றும்போது நடப்பதும் இதுதான். அவன் புலியின் இடத்திலே நிற்கிறான். அவனுள்ளே அச்சம் இல்லை. அது நம்முள்ளே எழுகிறது. ஆகவே, அவனிடம் மெய்ப்பாடு இல்லாததால் படத்திலே சுவை இல்லை என்று கூறுவது பொருந்தாது. மாணவனின் வினாவுக்கு முதற்பாதி விடை இது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 'த டே ஒவ் த ஜக்கல்'. பிரடெரிக் போர்சைத் 1971இல் வெளியிட்ட நாவலை வைத்து பிரெட் சின்னமன் 1973இல் எடுத்த படம். பிரான்சிய ஜனாதிபதி டி கோலைக் கொல்ல வாடகைக்கு அமர்த்தப்பட்ட ஒருவனின் கதை. டி கோல் 1970இல் இயற்கையாகவே மறைந்தவர். எனவே கொலை முயற்சி பலிக்காது என்பது படம் தொடங்கும் முன்பே நமக்குத் தெரியும். கொலையாளியின் உண்மைப் பெயர்கூட நமக்குத் தரப்படுவதில்லை. இருந்தும் பதற்றம் குறைவதில்லை. காரணம், அவன் செய்யும் வேலையின் ஒவ்வொரு படியும் நமக்குக் காட்டப்படுகிறது. போலிக் கடவுச்சீட்டுப் பெறுவது, துப்பாக்கியை உருவாக்குவிப்பது, மரத்திலே தொங்கவிட்ட வத்தகப்பழத்தின்மீது குறி பார்ப்பது என்று அனைத்தையும் பார்க்கிறோம். அவனைத் தேடும் பொலிஸ் அதிகாரி லெபெல் மறுபுறம் உறக்கமின்றி அலைகிறார். புலி ஒரு பக்கம், அஞ்சும் மனிதன் மறுபக்கம். சமன்பாடு நிறைவாகிறது.

ஆனால், நேயர்களே, இங்கே ஓர் எல்லை இருக்கிறது. ஜக்கல் இறந்தபோது எனக்கு நிம்மதி ஏற்பட்டது. துயரம் ஏற்படவில்லை. மறுநாள் காலை அவனை நான் நினைக்கவுமில்லை. கொஸ்டெல்லோ அப்படியல்லன். பல நாட்கள் என் மனதைவிட்டு அகலவில்லை. இருவரும் முகத்திலே ஒன்றும் காட்டாதவர்கள். பின் வேறுபாடு எங்கே?

வேறுபாடு அந்தப் பறவையிடம் இருக்கிறது. கொஸ்டெல்லோ இல்லாத வேளையிலே பொலிசார் அவனது அறைக்குள் நுழைந்து ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்திவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்தவன் பறவையின் பதற்றத்தைக் கண்டே யாரோ வந்துபோனதை அறிந்துகொள்கிறான். ஒரு சிற்றுயிரின் வழமையான நடத்தையை அந்த அளவுக்குக் கவனித்து வைத்திருப்பவன் உணர்ச்சியற்றவனா? படத்தின் முடிவிலே, தான் கொல்ல வேண்டிய பியானோக் கலைஞியின் முன் துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறான். பொலிசார் அவனைச் சுட்டு வீழ்த்துகின்றனர். பின்னரே தெரிகிறது, அவனது துப்பாக்கியிலே ரவை இருக்கவில்லை. அவன் ஒரு சொல்லும் விளக்கமாகச் சொல்லவில்லை. ஆயினும் நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

உணர்ச்சி இல்லாமை வேறு, உணர்ச்சியை அடக்கி வைத்திருத்தல் வேறு. வெளித்தோற்றத்திலே இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நமது உட்துறைமுகத்து நீரிலே அலை இல்லை. மழைக்குப் பின் வீதியோரக் குட்டையிலும் அலை இல்லை. ஒன்றிலே பெரிய கப்பல்கள் வந்து நிற்கும். மற்றதிலே சிறுவர் விடும் காகிதத் தோணியும் தரைதட்டும்.

2023இல் டேவிட் பிஞ்சர் எடுத்த 'த கில்லர்' படமும் இதனை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. அதிலே வரும் கொலையாளி எவர்மீதும் இரக்கம் கொள்ளலாகாது என்று தனக்குத்தானே மந்திரம்போல ஓதிக்கொண்டிருக்கிறான். ஆனால் தொடக்கத்திலேயே அவனது குறி தவறுகிறது. அதனால் அவனது துணைவி தாக்கப்படுகிறாள். அதன் பின்னர் அவன் செய்வதெல்லாம் அவளுக்காகப் பழிவாங்குவதே. வாய் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று செய்கிறது. அந்த முரண் இல்லாவிட்டால் படமே இல்லை.

தமிழுக்கு வருவோம். 2013இல் வெளிவந்த மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' பாடல்களே இல்லாத படம். இளையராஜாவின் பின்னணி இசை மாத்திரம் உண்டு. குண்டடிபட்டு வீதியிலே கிடக்கும் ஒருவனை மருத்துவ மாணவன் ஒருவன் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறான். பின்னரே அவன் தேடப்படும் கொலைஞன் எனத் தெரியவருகிறது. 'ஓநாய்' எனப்படும் அக்கொலைஞனாக மிஷ்கினே நடித்திருக்கிறார். நீண்ட நேரம் அவனது முகம் நமக்கு எதையும் தருவதில்லை. பின்னர், கண்பார்வையற்ற சிறுமி ஒருத்திக்கு அவன் ஒரு கதை சொல்கிறான். ஓநாயும் ஆடுகளும் வரும் சிறுவர் கதை. தான் தவறுதலாகக் கொன்றுவிட்ட ஒருவனின் கண்பார்வையற்ற குடும்பத்தைக் காத்து நிற்பவன் அவன் என்பதை அக்கதையினூடாகவே அறிகிறோம். அவனது முகத்தைப் பார்க்க முடியாத ஒருத்தியிடம்தான் அவன் மனம் திறக்கிறான் என்பது சிந்திக்கத்தக்கது.

நமக்கு இன்னும் நெருக்கமானது சந்தோஷ் சிவனின் 'த டெரரிஸ்ட்'. 1998ஆம் ஆண்டின் தமிழ்ப் படம். எந்த நாடு, எந்த இயக்கம் என்று அது பெயர் சொல்வதில்லை. தன்னையே வெடிகுண்டாக்கி ஒரு தலைவரைக் கொல்லத் தெரிவு செய்யப்பட்ட மல்லி என்ற இளம்பெண்ணின் கதை. அவளாக நடித்த ஆயிஷா தார்க்கரின் முகத்தைக் கமெரா விட்டு விலகுவதே இல்லை. தொடக்கத்திலே அது இறுகிய முகம். தான் கருவுற்றிருப்பதை அறிந்த பின் அதே முகத்திலே ஒவ்வொரு கணமும் ஏதோ ஒன்று அசைகிறது. இறுதிக் கணத்திலே நாம் மூச்சை அடக்கியிருப்பது கொலை நடக்குமா என்பதற்காக அன்று, அவள் வாழ்வாளா என்பதற்காகவே.

இனி இலக்கியத்துக்குத் திரும்புவோம். உண்மையாகவே உணர்ச்சியற்ற கொலையாளி ஒருவனை இளங்கோவடிகள் படைத்திருக்கிறார். சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். பொற்கொல்லன் காவலரை அழைத்து வந்து கோவலனைக் காட்டுகிறான். அவனது தோற்றத்தைக் கண்டவர்கள், இவன் கள்வனாக இருக்க முடியாது என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை எல்லாம் எடுத்துச் சொல்லி வாதாடுகிறான். அவர்கள் மேலும் பேசிக்கொண்டிருக்கும்போது, கல்வியறிவற்ற, மதுவுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவ்வளவுதான். அவனுக்குப் பெயரில்லை. முகமில்லை. தயங்கியவர்களுக்குக் கொடுத்த பேச்சைக்கூட இளங்கோ அவனுக்குக் கொடுக்கவில்லை. காப்பியம் அவனைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணகியிடம் போகிறது. உள்ளே ஒன்றுமில்லாதவனிடம் தங்கி நிற்கக் காப்பியத்துக்கு ஒன்றுமில்லை என்பதே காரணம் என்பது எனது எண்ணம்.

இவ்விடத்திலே நமது ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையிலே மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி'ச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களே அவர்கள் சுடப்பட்டு இறந்ததை உலகுக்குக் காட்டின. அதே மாதம் 24ஆந் திகதி அவரும் நமது நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கிலே குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் போதிய சான்றில்லை என்று 2019இல் விடுவிக்கப்பட்டனர். நான் அப்போது இருபதுகளில் இருந்தேன். 'இனந்தெரியாதோர்' என்ற சொல்லை அந்நாட்களிலே பத்திரிகையில் நாளாந்தம் வாசித்தோம். பெயரில்லாத, முகமில்லாத கொலையாளி நமக்குத் திரைப்படத்திலே அறிமுகமானவன் அல்லன்.

அந்நாட்களிலே நாமும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கப் பழகினோம். சோதனைச் சாவடியிலே அடையாள அட்டையை நீட்டும்போது நமது முகங்கள் எப்படி இருந்தன? சிரிப்பில்லை, அழுகையில்லை, வெகுளியும் இல்லை. எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றையும் அங்கே கண்டிருக்க மாட்டீர்கள். ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது நமக்குத் தெரியும். உணர்ச்சியை மறைத்தலுக்கும் உணர்ச்சி இல்லாமைக்கும் உள்ள தூரத்தை இந்த ஊரவர்க்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை.

அடுத்த பாடவேளையிலே மாணவனுக்கு இவற்றைச் சுருக்கிச் சொன்னேன். உணர்ச்சியற்ற கொலையாளி நம்மைக் கதிரை நுனியில் இருத்தலாம், அதற்குப் புலி போதும். ஆனால் மனதிலே தங்க வேண்டுமாயின், அவனுள்ளே அடங்கிக் கிடக்கும் ஒன்று எங்கேனும் கசிய வேண்டும். அல்லது அவன் எதிரே அஞ்சுகிற, அழுகிற மனிதர் ஒருவர் முழு உருவத்தோடு நிற்க வேண்டும். இரண்டும் இல்லாத படத்திலே கொலையுண்டவர் வெறும் குறிப்பலகை ஆகிவிடுகிறார். கொலையாளியின் நடையையும் உடையையும் மாத்திரம் வியந்துவிட்டு நாம் எழுந்து போகிறோம். கமெரா யாரைப் பார்க்கிறது என்பதை எப்போதும் கவனித்துக்கொள் என்றேன். சுகிர்தராஜனின் கமெரா இறந்தவர்களைப் பார்த்தது.

மாணவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப, சேர், கோவலனை வெட்டினவனை வைச்சு ஒரு படம் எடுக்கேலாதோ?" என்றான்.

"எடுக்கலாம். ஆனால் கண்ணகி வந்து கேட்கும்போது அவனும் அங்கே நிற்க வேண்டும். அவனுடைய முகத்தை அப்போது காட்டு" என்றேன்.

அவன் அதைக் கொப்பியிலே எழுதிக்கொண்டான். விடை முழுமையானதா என எனக்குத் தெரியாது. நேயர்களாகிய நீங்களும் எண்ணிப் பாருங்கள். வாக்களித்த சங்கப் பாடல்களோடு அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.