கூட்ட அழைப்புக்கும் பூட்டு வேண்டும்!

அன்றைய பம்பாயில் போர்ட், பல்லார்டு எஸ்டேட் பகுதி ஆபீஸ்களில் தமிழ் ஸ்டெனோக்கள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி பக்கங்களிலிருந்து டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்த கையோடு ரெயில் ஏறி வந்தவர்கள் அவர்கள்.

டைரக்டர்கள் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தால், கார்பன் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். புதுக் கார்பனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடித்த எழுத்தைப் படித்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சர்க்கார் காரியாலயங்களில் ரகசியக் கடிதத்துக்கு இரண்டு உறை. உள் உறையில் "ரகசியம்" என்று எழுதி அரக்கு முத்திரை வைப்பார்கள். வெளி உறையில் வெறும் விலாசம் மட்டுமே இருக்கும். கொண்டு போகும் பியூனுக்கு உள்ளே இருப்பது ரகசியம் என்பதே தெரியாது.

இன்று கார்பனும் இல்லை, அரக்கும் இல்லை. கம்ப்யூட்டரில் காலண்டரைத் திறந்து, தேதி, நேரம், விஷயம் எழுதி, பெயர்களைச் சேர்த்து, பொத்தானை அமுக்கினால் அழைப்பு போய்விடும். பழைய ஜாக்கிரதையும் கார்பனோடு போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

வாசல் திரையில் வேலை நீக்கம்

ஒரு கம்பெனி தன் பரேல் கிளையை மூட யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மானேஜரின் காரியதரிசி அழைப்பு அனுப்புகிறார். விஷயம் என்ற இடத்தில், "பரேல் கிளை மூடல் - ஆள் பட்டியல்" என்று அடித்துவிடுகிறார்.

அழைப்பு ஐந்து பேருக்குத்தான். ஆனால் கூட்ட அறைக்கென்று இருக்கும் காலண்டரை ஆபீஸ் முழுவதும் பார்க்கலாம். அறை வாசலில் தொங்கும் சின்னத் திரையிலும் அதே வாசகம் ஓடுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் செய்தி பரேலுக்குப் போய்விடும். 20 வருஷம் உழைத்தவர், தன் வேலை போகப்போவதை இப்படியா தெரிந்துகொள்வது? விசாரணை என்று வந்தால் முதலில் கூப்பிடப்படுபவர் அந்தக் காரியதரிசிதான்.

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆபத்து இன்னும் பெரிது. கம்பெனி இணைப்பு, லாபக் கணக்கு போன்ற வெளிவராத செய்தியைக் கசியவிடுவதை "செபி"யின் 2015-ம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. அந்தச் செய்தி யார் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பான் நம்பருடன் பதிவு வைக்க வேண்டும் என்ற கட்டாயம் 2019 ஏப்ரல் முதல் உண்டு. அழைப்பை டைப் அடித்தவர் பெயரும் அதில் ஏறலாம். குற்றம் உறுதியானால் குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம் ரூபாய்!

முத்திரை வேறு, பூட்டு வேறு

"நான்தான் 'பிரைவேட்' என்று குறித்தேனே" என்பார்கள் பலர். அது பூட்டு அல்ல.

வெவ்வேறு கம்பெனிகளின் காலண்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு "ஐகாலண்டர்" என்ற பொது முறை 1998-ல் வகுக்கப்பட்டது, 2009-ல் திருத்தப்பட்டது. அதில் "பொது, தனி, ரகசியம்" என்று மூன்று வகைக் குறிப்பு உண்டு. ஆனால் அது உறைமேல் குத்தும் ரப்பர் ஸ்டாம்பு போன்றது. அழைப்பு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அது கையில் கிடைத்தால், திறந்து வரிவரியாகப் படித்துவிடலாம்.

அழைப்பு வழியில் போகும்போது பெரும்பாலும் பூட்டித்தான் போகிறது. சேர்ந்த இடத்திலோ, சாவி சர்வரை நடத்துகிறவர் கையில் இருக்கிறது.

இதற்கு மாற்றுதான் "எஸ்மைம்" என்ற முறை. 1976-77-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான இரட்டைச் சாவிக் கணக்கே இதற்கு அடிப்படை.

அதாவது, ஒவ்வொருவருக்கும் ஒரு திறந்த பூட்டும் ஒரு சாவியும். பூட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அழைப்பு அனுப்புகிறவர், பெறுகிறவருடைய பூட்டைப் போட்டு அமுக்கிவிடுவார். பிறகு அனுப்பியவராலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. சாவி பெறுகிறவரிடம் மட்டுமே உண்டு.

எனவே ஐந்து பேரைக் கூப்பிட்டால் ஐந்து பேர் பூட்டும் முன்கூட்டியே கைவசம் வேண்டும். ஒவ்வொருவரும் டிஜிட்டல் கையெழுத்திட்ட ஒரு மெயில் அனுப்பிவைத்தால் அதோடு பூட்டும் வந்துவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: நம் நாட்டில் கையெழுத்துக்கான சான்றிதழ் வேறு, பூட்டுவதற்கான சான்றிதழ் வேறு. வாங்கும்போதே சொல்லி வாங்க வேண்டும்.

தலைப்பு வெளியில்தான்!

பலர் ஏமாறும் இடம் இதுதான். எஸ்மைமில் உள்ளே இருக்கும் விவரம் பூட்டப்படும். விஷயத் தலைப்பும் விலாசங்களும் பொதுவாக வெளி உறையிலேயே நிற்கும்.

கூகுள் நிறுவனம் கம்பெனிகளுக்கான தன் காலண்டரில் 2023 பிப்ரவரியில் இதேபோன்ற பூட்டு வசதியைக் கொண்டுவந்தது. எல்லாக் கட்டணத் திட்டத்திலும் அது கிடையாது. அதிலும் விவரக் குறிப்பும் இணைப்புத் தாள்களும்தான் பூட்டப்படும். தலைப்பு, நேரம், அழைக்கப்பட்டவர் பெயர்கள் பூட்டப்படுவதில்லை.

ஆகவே தலைப்பில் "ஆலோசனை" என்று மட்டும் போடுவதே நல்லது. விஷயத்தை உள்ளே எழுதலாம். சர்க்கார் குமாஸ்தாக்களின் அந்த இரண்டு உறைதான் இது!

மானேஜரின் டோக்கன்

காரியதரிசிகளுக்கு இதில் ஒரு தலைவலி உண்டு. மானேஜரின் காலண்டரைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பூட்டிய அழைப்பு வந்தால் அவர்களால் திறக்க முடியாது. "டோக்கனை நீயே வைத்துக்கொள், பின் நம்பர் இதுதான்" என்று மானேஜர் கொடுத்துவிடுவார். பல ஆபீஸ்களில் நடப்பது இது.

2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-வது பிரிவு, சாவியைத் தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டியது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்கிறது. சாவி பிறர் கைக்குப் போய்விட்டால் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அந்த டோக்கனால் நாளை ஏதேனும் தகராறு வந்தால், "நான் போடவில்லை" என்று மானேஜரும் சொல்வார்; காரியதரிசியும் சொல்வார். யாரை நம்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

டோக்கனை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தேதியும் நேரமும் மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும் சார்" என்று சொல்லிவிடலாம். அறை பிடிக்கவும் டீ சொல்லவும் அதற்கு மேல் தேவையில்லை.

சான்றிதழைப் புதுப்பிக்கும்போது பழைய சாவியை எறிந்துவிடக் கூடாது. அந்தப் பூட்டுப் போட்டு வந்த பழைய அழைப்புகளைத் திறக்க அந்தச் சாவியேதான் வேண்டும்.