திறந்த வழி அடைபடாதிருக்க

‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். அதனை 25 ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு உரைத்துவந்த யான், நான்காம் கூற்றின் அருமையைச் சென்ற ஆண்டிலேதான் உணர்ந்தேன்.

அடைபட்டிருந்த என் இருதய நாடியைத் திறந்து, கொழும்பில் ‘ஸ்டென்ட்’ என்னும் நுண்ணிய உலோக வலைக்குழாயைப் பொருத்தினார்கள். 1986ஆம் ஆண்டில் ஜாக் புவேல், உல்ரிக் சிக்வார்ட் என்னும் மருத்துவர்கள் முதன்முதல் மனிதருக்குப் பொருத்திய கருவி இது. எஹலியகொடைக்கு மீண்டபின் மாதந்தோறும் கிளினிக்குக்குச் சென்று வருகிறேன்.

அங்கே ஒரு நாள், இறப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டும் முதியவரொருவர் பேத்தியுடன் என்னருகில் அமர்ந்திருந்தார். அவருக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதமே ஆகியிருந்தது. மாத்திரைகளை நிறுத்தி நான்கு நாளாயிற்று என்றார்.

“நெஞ்சுவலி போயிருச்சுங்க ஐயா; அப்புறம் மாத்திரை எதுக்கு? இங்க வந்தா ஒரு நாள் பேரும் போயிருது.”

நாட்கூலியை இழப்பவரின் துயர் பொய்யன்று. ஆயினும் யான் கேட்டேன்: “வாளியிற் பால் உறையாதிருக்க அமோனியா விடுகிறீர்களே, ஏன்?”

“விடாட்டி கட்டியாயிரும்.”

“உங்கள் நெஞ்சிலும் அதுவே நிகழும்.”

அவர் முகம் மாறியது. புதிய வலையின்மேல் நாடியின் உட்தோல் படர்ந்து மூடும்வரை, குருதி அதிற் பட்டு உறையக்கூடும். உறைந்தால் நாடி திடீரென அடைபட்டு உயிருக்கே இறுதியாகலாம். அதனைத் தடுக்கவே அஸ்பிரினும் குளோபிடோகிரலும். மாரடைப்புக்குப்பின் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஓராண்டு உண்ண வேண்டும். அதன்பின்னும் ஒன்று தொடரும். பற்பிடுங்கலோ, ஈறில் இரத்தமோ, எக்காரணத்தாலும் இருதய மருத்துவரைக் கேளாது நிறுத்தலாகாது. மலம் கருத்துப்போனாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கொழுப்பு மாத்திரையும், புகையிலை துறத்தலும் ஏனைய நாடிகளைக் காப்பன.

அவருடைய கிளினிக் கொப்பி முழுவதும் ஆங்கிலம். பேத்தியிடம் தாளொன்று தந்தேன். மருத்துவர் அன்று கூறியவற்றைக் ‘காலை’, ‘இரவு’ எனத் தமிழில் எழுதிக்கொண்டாள்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் லயத்திலும் அயலிலும் வாசிக்கப்படாத கொப்பிகள் உண்டு. அவற்றை வாசித்துச் சொல்லுங்கள். வள்ளுவர் கூறிய நான்காமவர் நீங்களே.