வீனோ முறை

வீனோ முறை என்பது அதிபரவளைவு வகைப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கணினி கொண்டு உயர் துல்லியத்தில் தீர்க்க உதவும் எண்சார் முறை ஆகும். தீர்வில் தொடர்ச்சியின்மை தோன்றும் இடங்களில் பொய்யான அலைவுகளைப் பெரிதும் தவிர்ப்பது இதன் சிறப்பு.

சிக்கல்

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தின் முன் எழும் அதிர்ச்சி அலையில் காற்றின் அழுத்தமும் அடர்த்தியும் மிகக் குறுகிய தொலைவில் தாவி மாறுகின்றன. முதல் வரிசை முறைகள் இத்தாவலைப் பல கட்டங்களுக்குப் பரப்பி மங்கச் செய்கின்றன. 1960 இல் வெளியான லாக்சு–வென்டிராஃப் முறை இரண்டாம் வரிசைத் துல்லியம் உடையது. ஆனால் தாவலின் அருகே அலைவுகளை உண்டாக்குகிறது. அலைவினால் அழுத்தம் எதிர்ம மதிப்பை அடைந்தால், ஒலியின் வேகத்தைக் காண எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க நேரிடும், கணக்கீடு நின்றுவிடும்.

கோதுனோவ் தேற்றம்

சோவியத் கணிதவியலாளர் செர்கேய் கோதுனோவ் 1959 இல் வெளியிட்ட தேற்றத்தின்படி, ஏறுமுகத் தரவை ஏறுமுகமாகவும் இறங்குமுகத் தரவை இறங்குமுகமாகவும் காக்கும் நேரியல் முறையின் துல்லியம் முதல் வரிசையைத் தாண்டாது. எனவே, சமன்பாடு நேரியலாக இருந்தாலும், தீர்க்கும் முறை தரவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதாக இருக்க வேண்டும்.

செயல்படும் விதம்

1987 இல் ஆர்ட்டன், எங்குவிசுட்டு, ஒசர், சக்கரவர்த்தி ஆகியோர் விரிவாக முன்வைத்த ஈனோ முறை, பல புள்ளிக்குழுக்களுள் மிகச் சீரான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தது. 1994 இல் லியூ, ஒசர், சான் ஆகியோர் எல்லாக் குழுக்களையும் நிறையிட்டுச் சேர்த்து வீனோ முறையை உருவாக்கினர். 1996 இல் ஜியாங், ஷூ ஆகியோர் அமைத்த ஐந்தாம் வரிசை வடிவம் பரவலாகப் பயன்படுகிறது.

இவ்வடிவில் அடுத்தடுத்த ஐந்து கட்டங்களிலிருந்து, மூன்று கட்டங்கள் கொண்ட மூன்று குழுக்கள் அமைகின்றன. தீர்வு சீராக உள்ள இடத்தில் குழுக்களின் நிறைகள் முறையே 1/10, 6/10, 3/10 ஆகியவற்றை நெருங்கும். ஐந்தாம் வரிசைத் துல்லியம் கிடைக்கும். அங்குக் கட்ட அகலத்தைப் பாதியாக்கினால் பிழை ஏறத்தாழ 1/32 பங்காகக் குறையும். தாவலைக் கடந்து செல்லும் குழுவின் நிறையோ சுழியை நெருங்கும். அதனால் அக்குழுவின் தவறான மதிப்பு விடையைக் கெடுப்பதில்லை.

வரம்புகள்

தாவலின் இடத்தில் உயர் துல்லியம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு கட்ட எல்லையிலும் நிறைகளைப் புதிதாகக் கணிப்பதால் கணக்கீட்டுச் செலவு கூடுகிறது. அடர்த்தியும் அழுத்தமும் நேர்ம மதிப்பிலேயே இருக்கும் என்ற உறுதியையும் இம்முறை தானாகத் தருவதில்லை. அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் சேர்க்கப்படுகின்றன.