கள்ளிச்செடிகளை இனங்காணல்

கள்ளிச்செடிகளை இனங்காணல் என்பது, பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு கள்ளிச்செடியின் பேரினத்தையும் இனத்தையும் அதன் தண்டு, முள், பூ, கனி முதலியவற்றைக் கொண்டு அறிதலாகும். கள்ளிக் குடும்பமான காக்டேசியேயில் ஏறத்தாழ 1,500 இனங்கள் உள்ளன. பூக்காத நிலையில் பல இனங்கள் ஒன்றுபோலத் தோன்றுவதால், பூக்கும் காலமே இனங்காண ஏற்ற காலமாகும்.

உண்மையான கள்ளிகள்

தமிழில் கள்ளி என்னும் பெயர் இரு வேறு குடும்பங்களின் செடிகளைக் குறிக்கின்றது. சப்பாத்திக்கள்ளி காக்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியன ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் கீறினால் பால் வடியும். ஆயினும் மாமில்லேரியா இனங்கள் சிலவற்றிலும் பால் உண்டு; எனவே பாலை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. காக்டேசியே குடும்பத்தின் தனி அடையாளம் அரியோல் எனப்படும் மெத்தை போன்ற சிறு புள்ளிகளாகும். முட்களும் பூக்களும் கிளைகளும் இவற்றிலிருந்தே தோன்றுகின்றன.

பேரினங்களின் அடையாளங்கள்

* மாமில்லேரியா: தண்டில் வரம்புகளுக்குப் பதிலாகக் காம்பு போன்ற புடைப்புகள் இருக்கும். சிறு பூக்கள் புடைப்புகளின் இடுக்குகளில் தோன்றி, பெரும்பாலும் உச்சியைச் சுற்றி வளையமாக அமையும்.
* ஜிம்னோகாலிசியம்: மொட்டின் வெளிப்புறத்தில் மயிரோ முள்ளோ இராது, வழவழப்பான செதில்கள் மட்டுமே காணப்படும்.
* எக்கினோப்சிசு: பூக்குழல் புனல் வடிவில் மயிரடர்ந்து இருக்கும். இரவில் மலரும் இனங்களில் இது மிக நீண்டது.
* ஒப்பன்சியா: தண்டு தட்டையான துண்டுகளால் ஆனது. அரியோல்களில் எளிதில் உதிர்ந்து தோலில் ஏறும் நுண்முட்கள் உண்டு.

விற்பனைச் செடிகள் சிலவற்றில் உலர்ந்த பூக்கள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பல வாரங்களாகியும் வாடாத பூ இவ்வகையினதாக இருக்கலாம்.

குறித்துக்கொள்ள வேண்டியவை

வரம்புகளின் எண்ணிக்கை, நடுமுட்கள் மற்றும் சுற்றுமுட்களின் எண்ணிக்கை, பூ தோன்றும் இடம், மலரும் நேரம், சூல்முடியின் நிறம் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பூவை மேலிருந்து மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் படம் எடுத்தல் பயன் தரும். பூக்குழலின் செதில்களும் மயிர்களும் அவ்வாறே புலப்படும்.

வரம்புகள்

தோட்டங்களில் வளர்க்கப்படும் கள்ளிகளுள் பல கலப்பினங்களாகும். அவற்றிற்கு இனப்பெயர் இடுதல் பொருந்தாது. மேலும், பெயர்ச்சீட்டுடன் செடி சேகரிக்கப்பட்ட இடம் பற்றிய குறிப்பும் இழக்கப்படுகின்றது. பெயரை மீட்டாலும் இக்குறிப்பைத் தோற்றத்திலிருந்து மீட்க இயலாது. 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, மதிப்பிடப்பட்ட 1,478 கள்ளி இனங்களில் 31% அழியும் அபாயத்தில் உள்ளதாகக் கண்டது. தோற்றிடம் அறியப்படாத செடி, இத்தகைய இனங்களின் பாதுகாப்புப் பணிக்குப் பெரிதும் பயன்படுவதில்லை. ஊகித்த பெயரை உறுதியானதாக எழுதுவது பிழையைப் பரப்பும். பேரினம் மட்டும் தெளிவாயின் அதனை மட்டும் எழுதி, இனம் அறியப்படவில்லை எனக் குறிப்பதே முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* சப்பாத்திக்கள்ளி
* சதுரக்கள்ளி
* திருகுகள்ளி